கோச்சியார் தடைசெய்த எழுத்து

மற்றவர்களை வேலை செய்யவிடாமல் மினக்கெடுத்துவதையே தொழிலாகச் செய்த ஒரே மனிதர் இந்தக் குடாநாட்டில் அவர்தான்.

நீர்வேலியில் வாழைப்பழம் பொதிசெய்து கொழும்புக்கு அனுப்பும் எங்கள் கொம்பனிக்கு அவரை முதலாளி கூட்டிவந்தார். "இவர் லீடர்ஷிப் கோச்."

பழம் கழுவும் தங்கராசா அண்ணை நிமிர்ந்து பார்த்தார். "கோச்சியோ? கொக்குவிலாலை போறதோ?"

எங்களுக்குக் கோச்சி என்றால் ரயில். ஆளும் கொக்குவில்காரர். பிறகென்ன, கோச்சியார்.

தலைமைத்துவம் படிப்பிக்க வந்தவர் முதலில் கதிரைகளை இழுத்து வட்டமாகப் போட்டார். வெட்டி வந்த குலைகள் வெயிலில் கிடந்தன.

"தலைமை எண்டால் ஒருத்தரையும் வெளியிலை விடாமல் வேலை செய்யிறது."

"நாங்கள் ஒருத்தரையும் வெளியிலை விடுறேல்லை. கேற் பூட்டித்தான் கிடக்கு" என்றேன்.

அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டார். எனக்கு விசர் ஏறியது.

பொதிசெய்யும் பகுதிக்கு நான்தான் மேற்பார்வையாளர். ஓய்வுபெறப் போகிறேன், என் இடத்துக்கு ஒரு பெயர் கொடுக்க வேண்டும். சுகந்திக்கு வேலை முழுக்கத் தெரியும். காயைத் தொட்டே எப்போது பழுக்கும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் காது கேளாது. ஆகவே, ஒன்றும் தெரியாத, ஆனால் நன்றாகக் காது கேட்கும் ரூபனின் பெயரைக் கொடுத்திருந்தேன்.

கோச்சியாருக்கு ஒரு எழுத்தோடு பகை. யாராவது, அவனுக்கும் இவனுக்கும் இடையில் நாங்கள் சொல்லும் 'உவன்', 'உவள்', 'உவர்' என்றால் உடனே கையைத் தூக்கிவிடுவார்.

"பக்கத்திலை இருக்கிற ஆளை விட்டிட்டு, அவரைப் பற்றி மற்றவனோடை கதைக்கத்தான் எங்களுக்கு உந்த எழுத்து. சொன்ன ஆள் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்திலை இருக்கோணும்."

'உ' இல்லாமல் யாழ்ப்பாணத்தான் எப்படி வாய் திறப்பது?

"உவளுக்கு இதெல்லாம் விளங்காது, தம்பி" என்று வட்டத்தில் இருந்த சுகந்தியைக் காட்டித் தங்கராசா அண்ணை தொடங்கிவைத்தார். கதிரையோடு சுகந்திக்குப் பக்கத்தில் போனார். "உவளை விட்டிட்டுத் தொடங்குவம்" என்ற முதலாளியும் போனார். சாப்பாட்டு நேரத்துக்குள் வட்டம் காணாமல் போய்விட்டது. அத்தனை கதிரையும் சுகந்தியைச் சுற்றி. மிச்சம் நான் மட்டும், வென்றவன் மாதிரி.

கோச்சியார் என் பக்கம் திரும்பினார். "அடுத்த மேற்பார்வையாளர் ஏன் சுகந்தி இல்லை, அண்ணை?"

"போன் வந்தால் உவள் என்ன செய்வாள்?"

எல்லாரும் எழும்பினார்கள். கதிரைகளை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள்.

"அவவிட்டையே கேளுங்கோ" என்றார் கோச்சியார்.

சுகந்தி வேலைக்கு வந்த ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மெசேச் போடச் சொல்லுவன்" என்றார் சுகந்தி. "கொழும்புக் கடைக்காரர் இப்பவே எனக்குத்தான் போடுறவை. நீங்கள் போனிலை கத்திப்போட்டு கதலிக் குலை கேட்டவைக்கு இதரைக் குலை அனுப்புறனியள். பிறகு நான்தான் மாத்திறனான்."

தங்கராசா அண்ணை இருமினார்.

"வாயைப் பாத்தால் எனக்குக் கதை விளங்கும், அண்ணை. 'உவள்' எண்ட உடனை எல்லாரும் மற்றப் பக்கம் திரும்பிப் போடுவியள்."

அன்றே ரூபனின் பெயரை வெட்டிச் சுகந்தியின் பெயரை எழுதினேன். கோச்சியார் என்னைப் பாராட்டவில்லை. கதிரைகளை அப்படியே போட்டுவிட்டு ஸ்கூட்டியில் போய்விட்டார். நான்தான் அடுக்கினேன்.

இப்போது சுகந்தி மேற்பார்வையாளர், நான் வீட்டில். யாராவது கோச்சியாரை விசாரித்தால், "உவர் கொக்குவிலிலைதான் இருக்கிறார்" என்று வாய் தவறிவிடுகிறது. விதி விதிதானே. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், அந்த மனிதருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன்.

இந்தக் கிழமை மூன்று தடவை வாய் தவறிவிட்டது.