கீழ்வீட்டுச் சன்னல்

மோர்மிளகாய் எண்ணெயில் விழுந்து பொரியத் தொடங்கியதுதான் தாமதம், கீழ்வீட்டுச் சன்னல் படாரென்று திறந்தது.

யோகேந்திரன் மேலிருந்து எட்டிப் பார்த்தான். கொட்டும் பனிக்குள் மதாம் அக்னெஸ் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து இவனைக் கண்டதும் முகம் வெளிறிச் சன்னலை அடித்துச் சாத்தினாள்.

"அடுப்பை நிப்பாட்டும்," என்றான் மனைவி சிவமலரிடம். "வீட்டுக்காரிக்கு மணம் போயிட்டுது."

"இந்த வயித்தோடை வீட்டைவிட்டு எழுப்பினா எங்கையப்பா போறது?" சிவமலருக்கு ஏழாம் மாதம். மோர்மிளகாய் கேட்டது அவளல்ல, வயிறுதான்.

பழைய மொன்றியலின் கல் பாவிய ஒழுங்கையில் வீடு கிடைத்ததே பெரும்பாடு. அவன் வேலை செய்யும் ஹோட்டல் குசினிக்கு நடந்தே போகலாம். வீட்டுத் திறப்பைத் தந்த வாடகை அலுவலகத்து ஆள், கீழ்வீட்டைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ பொழிந்தார். யோகேந்திரனுக்கு விளங்கியது 'மதாம்' ஒன்றுதான். வீட்டுக்காரி கீழேயே இருக்கிறாள் என்று முடிவுகட்டிக்கொண்டான்.

அன்றோடு பொரியல் நின்றது. அவித்த முட்டைக்கோவாவைப் பார்த்துச் சிவமலர் அழுதாள். சன்னல் திறப்பது மட்டும் நிற்கவில்லை.

வீட்டுக்காரியின் மனதைக் குளிர்விக்க, வாசல் பனியை வழித்தான். படிக்கட்டில் எரியாத பல்பை மாற்றினான். ஆடிய கைப்பிடியைச் சுத்தியலால் அடித்து இறுக்கினான். கதவை நீக்கிப் பார்த்துக்கொண்டு நின்ற அக்னெஸ், அவன் சுத்தியலோடு நிமிர்ந்ததும் பூட்டிக்கொண்டாள். மாலையில் கீழிருந்து கேட்கும் றேடியோவும் அன்றிலிருந்து ஓய்ந்தது.

"கோவம் முத்திட்டுது," என்றாள் சிவமலர். "ஏதாவது கொண்டுபோய்க் குடுங்கோ."

ஹோட்டலில் மிஞ்சிய கேக்கைக் கொண்டுபோய் நீட்டினான். அக்னெஸ் இரண்டு கையாலும் வாங்கினாள். "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொன்னபோது கண் கலங்கியது. மறுநாள் காலை அவர்கள் வாசலில் அதைவிடப் பெரிய கேக் ஒன்று இருந்தது.

"எங்கடை சாமான் தனக்கு வேண்டாமாம்," என்றான் யோகேந்திரன். அன்று இருவரும் சாப்பிடவேயில்லை. கேக்கைத் தொடவும் பயமாக இருந்தது.

சிவமலர் குழந்தைக்கு வாங்கிய உடுப்புகளைப் பெட்டிக்குள் அடுக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்த யோகேந்திரன் கோட்டைக்கூடச் சரியாகப் பூட்டாமல் ஓடிப்போய்ப் பத்திநாதரைக் கூட்டிவந்தான். பத்திநாதர் மொன்றியலுக்கு முதலில் வந்தவர்களில் ஒருவர். பிரெஞ்சு தண்ணீர்பட்ட பாடு.

"கையைக் காலைப் பிடிச்செண்டாலும் கதையுங்கோ அண்ணை. பிள்ளை பிறக்குமட்டும் இருக்க விடட்டும்."

"நீர் பேசாம நில்லும். நான் பாக்கிறன்."

கதவு திறந்தது. இரண்டு ஆண்களை ஒன்றாகக் கண்டதும் அக்னெஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பத்திநாதர் "பொன்ஜூர்" என்றதுதான்; அவள் மூச்சுவிடாமல் பேசினாள், விம்மினாள், யோகேந்திரனைக் கைகாட்டி மேலும் விம்மினாள்.

யோகேந்திரன் குறுக்கிட்டான். "எப்ப வெளிக்கிடட்டாமண்ணை?"

பத்திநாதர் அவளையும் இவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, இந்த மனிசி உம்மைத்தான் புதுசா வந்த வீட்டுச் சொந்தக்காரர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கு, இனிச் சன்னலடியிலை நிண்டு சிகரெட் பத்தமாட்டாவாம், தன்னை வீட்டைவிட்டு எழுப்பிப்போட வேண்டாமாம்."