சின்னதுரையின் கல் கனிமமா?

புணேயில் ஓர் அரசு அலுவலகத்தின் விடுப்புப் பிரிவு எழுத்தர் சின்னதுரையின் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் எடுக்கப்பட்டது. பட்டாணி அளவு. அவர் முறைப்படி பத்து நாள் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பித்தார். விடுப்பு மறுக்கப்பட்டால் அந்தப் பத்து நாளும் அனுமதியில்லாமல் வராத கணக்காகி, வரவிருந்த பதவி உயர்வு நின்றுவிடும்.

விண்ணப்பம் நிர்வாக அதிகாரி கிருஷ்ணஸ்வாமியின் மேசைக்குப் போயிற்று. கிருஷ்ணஸ்வாமி சமீபத்தில் ஆர்கானிக் ஆகியிருந்தார். சட்டை ஆர்கானிக், செருப்பு ஆர்கானிக், மகர்பட்டா பகுதிக் கடையில் வாங்கிய இந்துப்பும் ஆர்கானிக். காலையில் காபிக்குப் பதில் ஒரு சொம்பு பாலக் கீரைச் சாறு.

“சின்னதுரை, இந்தக் கல்லு ஆர்கானிக்கா, இனார்கானிக்கா?”

“கல்லு சார். அவ்வளவுதான் தெரியும்.”

“அப்படிச் சொன்னா எப்படி? இனார்கானிக்னா அது கனிமம். பெர்மிட் இல்லாம கனிமம் வெட்டி எடுத்திருக்கீங்க.”

“வெட்டினது டாக்டர் சார். நான் மயக்கத்துல கெடந்தேன்.”

“அப்ப குத்தகைக்கு விட்டிருக்கீங்க.”

நிலவியல் நிபுணரின் கருத்து கோரப்பட்டது. அவர் எழுதினார்: ‘உயிர்களின் தலையீடு இல்லாமல் இயற்கையில் உருவாவதே கனிமம். இதே பொருள் நிலக்கரிப் படிவத்தில் கிடைத்தால் கனிமம். சின்னதுரைக்குள் கிடைத்தால் கனிமம் அல்ல.’

கிருஷ்ணஸ்வாமி அதை இரண்டு முறை படித்தார்.

“நீங்க நிலக்கரி இல்லைங்கறதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?”

“ஆதார் கார்டே இருக்கு சார்.”

கார்டு ஏற்கப்பட்டு, ஆணை பிறந்தது: ‘மேற்படி கல் மேற்படி ஊழியரின் உடலில், ரசாயன உரமின்றி, தானாக விளைந்தது. ஆகவே ஆர்கானிக். ஆர்கானிக் பொருள் உடல்நலத்துக்கு உகந்தது. உடல்நலத்துக்கு உகந்தது நோய் ஆகாது. மருத்துவ விடுப்பு மறுக்கப்படுகிறது.’

அலுவலகம் கைதட்டியது. அந்த உற்சாகத்தில் கேண்டீனில் டீ நிறுத்தப்பட்டு, அனைவருக்கும் பாலக் சாறு கட்டாயமாக்கப்பட்டது. கீரையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சீட்டு கொடுத்திருந்ததால் சின்னதுரை மட்டும் தண்ணீர் குடித்தார்.

சில மாதம் கழித்து, ஆய்வுக் கூட்டத்தின் நடுவே கிருஷ்ணஸ்வாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கல். தினமும் குடித்த கீரைச் சாறுதான் கல்லாகியிருக்கிறது என்றார் அலுவலகத்துக்கு ஓடிவந்த டாக்டர்.

லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி கிருஷ்ணஸ்வாமி அலறினார். “சின்னதுரை! எனக்கு மெடிக்கல் லீவு!”

“கல்லு ஆர்கானிக் சார். உடம்புக்கு நல்லது.”

“என்னோடது இனார்கானிக்யா!”

“அப்ப குவாரி பெர்மிட் வரணும் சார். அதுவரைக்கும் டாக்டர் கத்தி வைக்கக் கூடாது.”

“ஐயோ, வலி உயிர் போகுது. ஏதாவது வழி சொல்லுய்யா!”

“கல்லுன்னா கல்லுதான்னு ஒரு ஆர்டர் போடுங்க. முன்தேதியிட்டுப் போட்டா என் லீவும் அதுல வந்துரும்.”

கிருஷ்ணஸ்வாமி ஸ்ட்ரெச்சரிலேயே கையெழுத்திட்டார். லிஃப்ட் கதவு மூடியது. சின்னதுரையின் பதவி உயர்வு பிழைத்தது.

மறுவாரம் புதிய பதவியின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அலுவலகம் மொத்தமும் இடுப்பு வலியில் வளைந்து நெளிந்து வரிசையில் நின்றது. ஒவ்வொருவர் கையிலும் விடுப்பு விண்ணப்பம். மறு கையில் பாலக் சாறு. சாறு கட்டாயம் என்ற ஆணையை ரத்து செய்ய வேண்டியவர் லீவில் இருந்தார்.