இரண்டு மொட்டைமாடிகளும் ஒரு துணைக் கருவியும்

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று உன் மனைவி சொன்னாள். நீயே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உன் மகள் கேட்ட அகராதியைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

எங்கள் கம்பியில்லா இணைப்பு என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்கிறாய். நீ சிரிக்கும் சத்தம் கடிதத்தில் கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரிக்கு நடுவே சாலை போகிறது என்பது உனக்குத் தெரியும். ஒரு பக்கம் முதல்வரின் பிரதானக் கட்டடம். அங்கே இணையம் பெருக்கெடுத்து ஓடுகிறது. மறுபக்கம் அறிவியல் கட்டடம். மாடிகளில் இயற்பியல் துறைத் தலைவரின் ஆட்சி, கீழ்த்தளத்தில் என் நூலகம். இங்கே ஒரு சொட்டு இணையம் கிடையாது. சாலையைத் தோண்டிக் கம்பி பதிக்க நகராட்சி விடவில்லை. கல்லூரியின் தரம் பார்க்கும் ஆய்வுக்குழு வருவதற்குள் இணைப்பு வராவிட்டால் நூலகத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் வண்டிகளை நிறுத்தப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. அதனால்தான் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி கருவி வைத்து இணைக்க ஒரு குழு. முதல்வர், துறைத் தலைவர், நான். "உங்க தம்பி அந்த லைன்லதானே இருக்கார்" என்பது என் ஒரே தகுதி.

மூன்று நிறுவனங்கள் வந்தன. முதலாமவர், தன் கருவி வழியே கண்ணிமைக்கும் நேரத்தில் நூலகத்துப் புத்தகம் முழுவதும் அந்தப் பக்கம் போய்விடும் என்றார். மழை பெய்தால் என்று கேட்டேன். "மழையில யார் மேடம் படிக்க வராங்க?" என்றார். இரண்டாமவரின் கருவி மரத்தை ஊடுருவிப் போகுமாம், ஆனால் நடந்துதான் போகுமாம். மூன்றாவதாக வந்த பெண், இரண்டு மாடிகளும் ஒன்றையொன்று மறைவில்லாமல் பார்க்க வேண்டும், பெருமழையில் வேகம் குறையும் என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். தன் சரக்கின் குறையைத் தானே சொல்லும் ஆளை நான் நம்புவேன். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"ஒண்ணு முதன்மைக் கருவி சார். எப்பப் பேசணும்னு அதுதான் சொல்லும். இன்னொண்ணு துணைக் கருவி. கேட்டு நடக்கும்."

"யாரு கேட்டு நடக்கணும்?" என்றார் துறைத் தலைவர்.

"இணையம் எங்ககிட்ட இருந்துதானே வருது?" என்றார் முதல்வர், மிக மென்மையாக.

"வரட்டும் சார். தபால் கொண்டு வர்றவர் வீட்டுக்குத் தலைவராயிடுவாரா?"

கடைசியில் முதல்வர் சமாதானத்துக்கு வந்தார். "ரெண்டுமே முதன்மையா வாங்கிடுவோம்."

அந்தப் பெண் பதறிவிட்டாள். "சார், ரெண்டும் பேசும். கேக்க ஆள் இருக்காது."

"எங்க கூட்டமும் அப்படித்தாம்மா நடக்குது. நடக்கலையா?" என்றார் முதல்வர்.

வாங்கினார்கள், மாட்டினார்கள், இரண்டிலும் 'முதன்மை' என்று சீட்டு ஒட்டினார்கள். விளக்குகள் பிரமாதமாக மினுக்கின. இணைப்பு மட்டும் வரவில்லை. அவர் பக்கம் சரியில்லை என்று இவரும், இவர் பக்கம் சரியில்லை என்று அவரும் எனக்குத் துண்டுச்சீட்டு அனுப்பினார்கள். வண்டி நிறுத்தக் கோடு போட ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு வந்து என் அகராதி அலமாரிகளை அளந்துவிட்டுப் போனார். அன்றுதான் உனக்குத் தொலைபேசி செய்தேன். வேண்டிய மட்டும் சிரித்துவிட்டு நீ சொன்னாயே, "உள்ளுக்குள்ள ஒண்ணைத் துணையா மாத்திடுக்கா, வெளிய சீட்டு அப்படியே இருக்கட்டும்" என்று, அதையே செய்தோம். இருவரும் கூட்டத்தில் இருக்கும்போது அந்தப் பெண்ணை வரவழைத்தேன்.

"எந்தப் பக்கத்தை மாத்தட்டும் மேடம்?"

"மொட்டைமாடிக்கு ஏறவே மாட்டார்னு யாரைச் சொல்லலாம்?"

"ரெண்டு பேரையுமே சொல்லலாம் மேடம்."

"அப்ப உனக்குச் சௌகரியமான பக்கம். எதுன்னு எனக்குச் சொல்லாதே."

இணைப்பு வந்துவிட்டது. துறைத் தலைவர் கீழே இறங்கி வந்து, "நம்ம கருவி எப்படி இழுக்குது பாத்தீங்களா!" என்றார். முதல்வர் தொலைபேசியில், "நம்ம கருவி எப்படித் தள்ளுது பாத்தீங்களா!" என்றார். இருவரிடமும் ஆமாம் என்றேன். இருவரில் ஒருவரிடமாவது அது உண்மை. நூலகத்தில் கூட்டம் தாங்காமல் உட்கார நாற்காலி இல்லை. கோடு போடுபவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்பதெல்லாம் தேவையில்லை. படித்த மூவர் உட்கார்ந்து யோசித்தால் தீராதது ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைக்கு என் ஆசி.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நிர்வாகத்தின் சுற்றறிக்கை வந்தது. இணைப்பு அறுந்தால் முதன்மைக் கருவி உள்ள கட்டடத்தாரே பொறுப்பு; விடுமுறை நாளானாலும் அந்தக் கட்டடத்தின் தலைவரே மாடி ஏறிப் பார்க்க வேண்டுமாம். மதியத்துக்குள் இருவரும் தனித்தனியே ஆளைக் கூப்பிட்டு, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், தத்தம் கருவி துணையாகவே இருக்கும்படி செய்துகொண்டுவிட்டார்கள். இப்போது இரண்டும் மற்றது முதலில் பேசட்டும் என்று மிகுந்த மரியாதையோடு காத்திருக்கின்றன. ஆய்வுக்குழு அடுத்த வாரம் வருகிறது. தொலைபேசியில் கேட்க எனக்கு வாய் வராது, எழுத்தில் கேட்கிறேன்: விடுப்பு எடு, வா.