அறுபதாவது இடத்தில் ஓர் ஆமை

கூலாய்,
புதன்கிழமை பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய ஐயா திரு. தங்கராஜு அவர்களின் சமூகத்திற்கு,

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் செல்லப்பன் பணிவான வணக்கத்துடன் எழுதுவது. முதலில் "அன்புள்ள சம்பந்தி" என்றுதான் தொடங்கினேன். அது இன்னும் முடிவாகவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு "ஐயா" என்று எழுதியிருக்கிறேன். அடித்தது தெரியும்படிதான் இருக்கிறது. பிழையை அழிப்பானால் தேய்க்காதே, ஒரே கோட்டில் அடி என்று முப்பத்தோராண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு நானே வேறு தாள் எடுத்தால் நன்றாக இருக்காது. இங்கே நானும் என் மனைவி புஷ்பவள்ளியும் நலம். இரத்த அழுத்தம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொஞ்சம் கூடுதல். ஆயர் ஈத்தாமில் நீங்களும் வாசுகியம்மாவும் நலமாக இருக்க வேண்டும், உங்கள் இடது முழங்காலும் அவ்வாறே.

நேற்று நம் இரு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் வீரமுத்து போன் செய்தார். "சார், அவங்க யோசிக்கிறாங்களாம்" என்றார். கல்யாணப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதற்காக யோசனை என்றேன். "வாசுகியம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க சார். அறுபது அட்டையக் கையில வெச்சுக் கலைச்சிக்கிட்டே இருந்த பொண்ணுக்கு, அதுல ஒன்னு மேல சந்தனப் பொட்டு இருந்தது கண்ணுலயே படலியா?" நல்ல கேள்வி. கேட்டவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் பதில் எழுத வேண்டியவள் என் மகள் லோஷினி அல்ல, நான். அந்தப் பொட்டை வைத்தவன் நான். வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம், வாழ்நாள் முழுவதும் தபால் நிலையத்தில் இருந்த ஒருவருக்கு அப்படிச் செய்வது மரியாதைக் குறைவு என்று பட்டதால் தபால்தலை ஒட்டி அனுப்புகிறேன்.

பாடத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மகன் ரூபேந்திரனும் இந்த ஜந்து அட்டைகளை வைத்திருக்கிறார் என்றாலும் நீங்கள் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் இரண்டு வருடம் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வயதுப் பெண், செனாய் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது பேரை வேலை வாங்குகிறவள், வீட்டுக்கு வந்தால் உடும்புப் படமும் தவளைப் படமும் போட்ட அட்டைகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால் எந்தத் தகப்பன்தான் பக்கத்தில் போவான்? ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகாமல், எட்டு பிஸ்கட் டின்களில் கலந்து கிடந்த அட்டைகளை நிறம் வாரியாகப் பிரித்து, வருகைப் பதிவேடு மாதிரி ஒரு பட்டியல் போட்டேன். அதுதான் ஆரம்பம். போட்டிக்குப் போகிறவர் சரியாக அறுபது அட்டைகள் கொண்ட ஒரு கட்டு வைத்திருக்க வேண்டும். ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரே ஜந்து நாலு தடவைக்கு மேல் வரக்கூடாது. அறுபது பேர் இருந்த வகுப்பை நடத்தியவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று, இருப்பதிலேயே பலசாலியான அறுபது ஜந்துக்களை ஒரு பிற்பகல் முழுதும் உட்கார்ந்து பொறுக்கி அவள் முன்னால் வைத்தேன்.

"அப்பா, இதுங்களுக்கு யாரு சோறு போடுறது?" என்றாள்.

ஜந்து அடிக்க வேண்டுமென்றால் அதற்குச் சக்தி அட்டை வேண்டுமாம். சக்தியைத் தேடி எடுத்து வர உதவி அட்டை வேண்டுமாம். ஜந்துக்கள் மொத்தமே பதினாறு போதுமாம், மீதி எல்லாம் பின்னால் நிற்கிறவர்களாம். கோயில் அன்னதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது தொண்டர்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறவே வந்து நின்றால் வெங்காயம் உரிப்பது யார்? இந்த உதாரணத்தை லோஷினியிடம் சொன்னபோது, "அப்பா, ரெண்டு வருஷமா நான் வெளக்க முடியாதத நீங்க ஒரு வரியில சொல்லிட்டீங்க" என்றாள். பெற்ற மகளின் வாயால் அப்படி ஒன்றைக் கேட்ட பிறகு ஒரு மனிதன் சும்மா இருப்பானா? அன்றிலிருந்து நான் அவளுடைய தேர்வுக் குழுவில் இருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் வீரமுத்து உங்கள் மகனின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். இது ஏழாவது வரன். முதல் ஆறுக்கும் அவள் போனிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. பொழுதுபோக்கு என்ற இடத்தில் இந்த அட்டை விளையாட்டைப் பார்த்ததும் தாளைக் கையில் வாங்கி, "அவர் என்ன டெக் விளையாடுறாருன்னு கேளுங்கப்பா" என்றாள். அறுபது அட்டைக் கட்டுக்குத்தான் டெக் என்று பெயர். வீரமுத்து விசாரித்துவிட்டு, "நெருப்பு டெக்காம் சார். அது நல்ல பொருத்தமா இல்லையான்னு ஐயருக்குத் தெரியலியாம்" என்றார். லோஷினியுடையது நீர். "அப்ப நான் ஜெயிச்சிருவேன்" என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பில் புஷ்பவள்ளி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். கேசரி, பஜ்ஜி வைத்துப் பெண் பார்க்கும் ஏற்பாடே வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஸ்கூடாயில் ஓர் அட்டைக் கடையின் மாடியில் போட்டி இருக்கிறது, இரண்டு பேரும் அங்கேயே பார்த்துக்கொள்கிறோம் என்று பிள்ளைகள் சொன்னபோது நீங்கள் மறுக்காமல் ஒத்துக்கொண்டீர்களே, அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை.

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஐம்பத்தொன்பது அட்டைகள் முடிவாகிவிட்டன. அறுபதாவதுதான் தகராறு. இடி முதலை என்று ஒன்று இருக்கிறது (இங்கிலீஷ் பெயர் வாயில் நுழையாததால் நானே வைத்த பெயர்), ஒரே அடியில் இருநூறு புள்ளி. கட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தன. நாலாவதையும் போட்டால் முதல் கையிலேயே முதலை வர எவ்வளவு வாய்ப்புக் கூடும் என்று அவள் தெளிவாகச் சொன்னாள். நானும் கோயில் நாட்காட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி. ஆனாலும் என் மனம் ஒரு சின்ன ஆமையின் மேல் இருந்தது. முப்பது புள்ளிதான் உயிர். அடிக்கவே தெரியாது. பின்வரிசையில் உட்கார்ந்து, அடிபட்டு வரும் ஜந்துவுக்கு ஒவ்வொரு முறையும் பத்துப் புள்ளி ஆற்றிவிடும், அவ்வளவுதான்.

"ஒரே அடியில செத்துரும்பா."

"அதுகிட்ட யாரும்மா சண்டைக்கு வருவா?"

எங்கள் பள்ளியில் சாந்தினி டீச்சர் என்று ஒருவர் இருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் தலைமையாசிரியரிடம் யாராவது வாங்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மேசைமேல் ஒரு கறிபாப் பலகாரம் மெதுவாக நகர்ந்து அவர் முன்னால் வந்து நிற்கும். சாந்தினி டீச்சர் மாற்றலாகிப் போன வருடம் மூன்று பேர் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இதை நான் லோஷினியிடம் நாலு நாள் நாலு விதமாகச் சொன்னேன். ஐந்தாம் நாள் அவள் கையெடுத்துக் கும்பிட்டு, "சரிப்பா, சாந்தினி டீச்சர் இருக்கட்டும்" என்று நாலாவது முதலையை வெளியே எடுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். கறுப்புப் பிளாஸ்டிக் உறைகளில் போட்ட அறுபது அட்டைகளும் மேசைமேல் கட்டாக இருந்தன. ஆமையை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு மேலேயே கவிழ்த்து வைத்து, கட்டைச் சாமி படத்தின் முன் கொண்டுபோய், தொட்டுக் கும்பிட்டு, மேலிருந்த அட்டையின் முதுகில் சந்தனம் தொட்டு வைத்து அதன் நடுவே குங்குமமும் வைத்தேன். சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் அடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மேல் புத்தகத்துக்கு மட்டும் பொட்டு வைப்போம். அருள் கீழேயும் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. அறுபதுக்கும் தனித்தனியாக வைப்பார்களா? அருள் இறங்கியதோ இல்லையோ, விதிமுறை இறங்கவில்லை. கலைத்து வைத்த கட்டில் ஓர் அட்டை மட்டும் முதுகைப் பார்த்தே அடையாளம் தெரிந்தால் அது கள்ள ஆட்டமாம். அடுத்து என்ன வரப்போகிறது என்று வைத்திருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். இது எனக்கு எப்படித் தெரியும்?

மீதிக்கு நீங்களே பாதி சாட்சி. நாம் நால்வரும் கீழே மாமாக் தேநீர்க் கடையில் உங்கள் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவது சுற்றில் இரண்டு பேரும் எதிரெதிர் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடியேறிக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். லோஷினி இரண்டு தடவை சிரித்தாள், பல் தெரிய. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா. அதற்குள் பெரிய பை மாட்டிய ஒருவர் குறுக்கே வந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் அவர் தலைக்கு மேல் ஒரு கை உயர்ந்திருந்தது. கடிகாரம் கட்டிய கை. நடுவரைக் கூப்பிடும் கை. உங்கள் மகன் கடிகாரம் கட்டியிருந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன்.

உள்ளே ஓடினேன். நடுவர் ஒரு சீன இளைஞர், ஆமையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "தப்பு என்னோடது" என்று மூன்று மொழியிலும் சொல்லி, விரலில் எச்சில் தொட்டுப் பொட்டைத் துடைத்தேன். அது பக்கத்தில் இருந்த இரண்டு அட்டைகளிலும் மஞ்சளாக ஈஷிக்கொண்டது. "அலமாக், அங்கிள்!" என்று தலையில் கை வைத்தார். பிறகு பொறுமையாக மலாயில், "செமுவா போலே. சத்து சஹாஜா தா போலே லா" என்றார். அதாவது எல்லாவற்றிலும் இருந்தால் பரவாயில்லை, ஒன்றில் மட்டும்தான் கூடாது. சமத்துவத்தைப் பற்றி எவ்வளவு பாடம் நடத்தியிருக்கிறேன், கடைசியில் ஐம்பத்தொன்பது பேருக்குப் பொட்டு வைக்காத குற்றத்துக்காக என் மகள் அன்றைய போட்டியிலிருந்து நீக்கப்பட்டாள். "கள்ள ஆட்டமா?" என்று யாரோ கேட்ட நேரம் பார்த்து வாசுகியம்மா வாசலில் வந்து நின்றார்கள். நான் கீழே இறங்கி வருவதற்குள் உங்கள் தே தாரேக் டீ பாதியில் இருந்தது, கார் இல்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். அவள் கண்ணில் ஏன் படவில்லை? கடையில் வெளிச்சம் போதாது என்று முதலில் எழுதினேன். நடுவர் அதே வெளிச்சத்தில்தான் பார்த்தார். முதல்நாள் அதிக வேலை, கண் களைத்திருக்கும் என்று எழுதினேன். தரக் கட்டுப்பாட்டில் கண்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. வரப்போகிறவர் எதிரே இருந்ததால் அட்டையைப் பார்க்கவில்லை என்று எழுதலாம். முதல் இரண்டு சுற்றில் எதிரே இருந்தவர்கள் வேறு யாரோ. மூன்று விடையும் தவறு. விடை தெரியாத மாணவனைப் போல ஒன்று மட்டும் எழுதுகிறேன்: என் மகள் பொய் ஆட்டம் ஆடமாட்டாள்.

ரூபேந்திரன் தம்பி மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. தேர்வில் பக்கத்தில் இருப்பவன் பார்த்து எழுதினால் எழுந்து நின்று சொல்லிவிடும் மாணவர் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் உண்டு. இடைவேளையில் அவரோடு யாரும் சாப்பிட மாட்டார்கள். ஆனால் ஆசிரியர்கள் நாங்கள் மதிப்போம். கை தூக்கியதற்காக அவரை முழு மனதோடு மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். நானும் இனிமேல் அட்டைகளைத் தொடுவதில்லை. அந்த ஆமையை எட்டாவது டின்னில் போட்டு மூடியாகிவிட்டது. நாலாவது முதலை உள்ளே போய்விட்டது. குடும்பத்தைவிட ஓர் ஆமை பெரிதல்ல. என் பொட்டுக்கு என் மகளைத் தண்டிக்க வேண்டாம் என்று இரு கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் இல்லத்தில் எல்லாச் செல்வமும் நிறையட்டும், முழங்கால் வலி மட்டும் குறையட்டும். வாசுகியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். தம்பிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
என்றும் பணிவுள்ள,
செல்லப்பன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டினேன், இன்னும் உறையை மூடவில்லை. அதற்குள் லோஷினி வேலை முடிந்து வந்து, தாள்களைப் பிடுங்கி நின்றுகொண்டே படித்துவிட்டாள்.

"ரூபன் கை தூக்கினாருன்னு யாருப்பா சொன்னது?"

"நான் என் கண்ணால பார்த்தேம்மா. கடிகாரம் கட்டின கை."

"அது என் கைப்பா."

அவளும் கடிகாரம் கட்டுவாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் சுற்றிலேயே பொட்டைப் பார்த்துவிட்டாளாம். "நீங்க வெச்சது, தொடைக்க மனசு வரல. ஆமை வெளிய வந்தா நடுவர்கிட்ட சொல்லிக்கலாம்னு விட்டேன்." இரண்டு சுற்றும் ஆமை அடியிலேயே கிடந்திருக்கிறது. மூன்றாவதில் கட்டின் உச்சியில் வந்து பொட்டோடு உட்கார்ந்துவிட்டது. உங்கள் மகன் பார்த்துவிட்டு, "வீட்ல பூசையா?" என்றாராம், அதுதான் முதல் சிரிப்பு. "எங்கம்மா என் பெட்டிக்குள்ள விபூதியே கொட்டி வெச்சிருக்காங்க" என்றாராம், அது இரண்டாவது. (இதை வாசுகியம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்.) பிறகு, "விடுங்க, எனக்கு ஒன்னும் தெரியல" என்றிருக்கிறார். "எனக்குத் தெரியுதே" என்று இவள் கையைத் தூக்கியிருக்கிறாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினம் பேசிக்கொள்கிறார்களாம். அடுத்த மாதம் ஜோடிப் போட்டிக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டதாம். ஆகவே மேலே நான் தம்பியை மன்னித்து எழுதியிருப்பதை ஒரே கோட்டில் அடித்துவிடுங்கள். அவர் செய்யாத குற்றம் அது.

ஆனால் இப்போது வேறொன்று செய்திருக்கிறார். ஜோடி டெக்கில் ஆமை வேண்டாம், நாலாவது முதலைதான் வேண்டும் என்கிறாராம். நீ என்னம்மா சொன்னாய் என்று கேட்டேன். "யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள். நான் எட்டாவது டின்னைத் திறந்து ஆமையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். ஐயா, ஒரு குடும்பத்துக்கு மூன்று முதலை போதும். அடிபட்டு வருகிறவருக்குப் பத்துப் புள்ளி ஆற்றிவிட ஒருவர் பின்வரிசையில் இருக்க வேண்டாமா? தம்பியிடம் கலந்து பேசி, ஆமைக்கு இடம் உண்டா இல்லையா என்று மறு தபாலில் எழுதுங்கள். அதுவரை நாங்களும் யோசிக்கிறோம்.