மாப்பிள்ளை விசாரிக்கப் போய் எச்சில் கொடுக்க நின்ற கதை

ஒரு குடும்பத்தைப் பற்றி ரகசியமாக விசாரிக்க வேண்டுமென்றால் அமைதியான ஆளை அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் என்னை அனுப்பினார்கள். நடந்ததில் பாதிப் பழி அனுப்பியவர்களுக்குத்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (ஒருத்தரும் ஏற்கிறதில்லை.)

அப்போது நான் பிரான்சில், எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் காசு மேசையில் இருந்தேன். மீன் பழசாக இருந்தால் முதலாளி பக்கத்தில் நிற்கும்போதே, இதை வாங்காதீர்கள் என்று சனத்துக்குச் சொல்லிவிடுவேன். இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு உளவு பார்க்கப் போனேன் என்றால், எனக்கும் அந்த வயதில் என்னைப் பற்றிச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

தங்கச்சி தர்சினிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அவள் அம்மாவோடு சார்செல் என்ற புறநகரில் இருந்தாள், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. மாப்பிள்ளை நிரோஷன், சிறுவயதிலேயே இங்கே வந்து படித்தவன். சாதகம் பொருந்தியது. பெடியனுக்கு என்ன வேலை என்று தரகர் சொன்னபோதுதான் அம்மாவின் முகம் செத்துப்போனது. ஆப்பிரிக்கச் சனங்களுக்குக் கசம், அதாவது காசநோய், ஏன் வருகிறது, சிலருக்கு ஏன் வராமல் விடுகிறது என்று மரபணுவில் ஆராய்கிறானாம்.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஊரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவுக்குக் கசம் வந்தது. அவருக்கு முன்னாலேயே எங்களோடு ஒன்றாக இருந்த சித்தப்பாவுக்கும் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில், கொழும்பில் வேலை என்று ஊருக்குச் சொன்னோம். பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கசம் என்றால் பரம்பரைக்கே கறை என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். அப்பா சுகமாகி வந்து, பல வருடம் கழித்து மாரடைப்பில்தான் போனார். ஆனாலும் கொழும்பு வேலை மட்டும் சாகவில்லை. என் கல்யாணம் அந்தப் பொய்யின் மேல்தான் நடந்தது. அப்பா வருத்தமாய்ப் படுத்தபோது தர்சினி கைக்குழந்தை. அவளுக்கே தெரியாது.

"நீ ஒருக்காப் போய்ப் பார்" என்றார் அம்மா. "குடிக்கிறவனோ, கோவக்காரனோ, இருமுறவனோ எண்டு பார். வாயைத் திறக்காதை."

சனிக்கிழமைகளில் அவன் லா சப்பலுக்குப் பின்னால் ஒரு மருத்துவ நிலையத்தில் இருப்பான் என்று தரகர் சொல்லியிருந்தார். படத்தில் முகம் பார்த்திருந்தேன். கடையில் தலையிடி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

உள்ளே ஒரு அறையில் நாற்காலிகள் போட்டு ஆப்பிரிக்கச் சனம் வரிசையாக இருந்தார்கள். நானும் போய் இருந்தேன். பக்கத்தில் பிந்தா என்ற மாலி நாட்டுக்காரி. சென் தெனியில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலை. அவளிடம்தான் விசாரணையைத் தொடங்கினேன். பெடியன் எப்படி என்று கேட்டேன். மரியாதையான பிள்ளை, ஆனால் கேட்கிற கேள்வி அதிகம் என்றாள். அவளுடைய அண்ணன் கசம் வந்து வருத்தமாய்ப் படுத்திருந்தபோது வீட்டில் யார் யாருக்குப் பக்கத்தில் படுத்தார்கள் என்றுகூடக் கேட்டானாம். "என் புருஷனே இவ்வளவு கேட்டதில்லை" என்றாள்.

நல்ல செய்தி. எழும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. எதற்காக எல்லாரும் ஆளுக்கொரு குழாய்க்குள் துப்புகிறார்கள் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. எச்சிலில் இருந்து மரபணுவை எடுக்கலாமாம். கிருமியைத் தொடுகிற வேலை எதுவும் அந்த அறையில் இல்லை. (அம்மா எனக்கு முகமூடி தந்து அனுப்பியிருந்தார். கைப்பைக்குள் கிடந்தது.)

அப்போதுதான் நிரோஷன் என்னைக் கண்டான். கிட்ட வந்து, குனிந்து, நல்ல பிரெஞ்சில் சொன்னான்: "மடாம், இது மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து வந்த குடும்பங்களுக்கு. உங்களுக்கு இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் மற்றப் பக்கம்."

தவறாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், உங்களுக்கு இது இல்லை, மற்றப் பக்கம் போங்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். மற்றப் பக்கம் போனால் அங்கேயும் அதையே சொல்வார்கள். அவ்வளவு வருடக் கோபமும் அந்தப் பெடியனின் தலையில் இறங்கியது. ஏன் எனக்கு இல்லை, நான் மனிசி இல்லையா என்று பிரெஞ்சில் தொடங்கினேன். பிரெஞ்சு பாதியில் தீர்ந்துபோய்த் தமிழில் தொடர்ந்தேன்.

"ஏன், எங்கட கசம் கசமில்லையோ?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"எங்கையா இருந்தா என்ன? என்ரை அப்பாவுக்கு வந்தது. சித்தப்பாவுக்கும் வந்தது. எல்லாரும் ஒரே அறையிலை படுத்தனாங்கள்."

பிந்தாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சண்டை எதைப் பற்றியது என்று விளங்கிவிட்டது. தன் வீட்டில் வருத்தம் வந்தது அண்ணன் ஒருவருக்குத்தான் என்று ஒரு விரலைக் காட்டினாள். நான் இரண்டு விரலைக் காட்டினேன். (ஆம், கசத்தில் நான் ஜெயித்தேன்.) என் இடத்தை எடுத்துக்கொள், அண்ணனின் இருமலையும் சேர்த்துத் தருகிறேன் என்றாள். அறை முழுவதும் சிரித்தது.

நிரோஷன் சிரிக்கவில்லை. அவன் கண் பளபளத்தது. பொறுப்பான பெடியனாக என்னை மற்றப் பக்கம் அனுப்பியிருக்கலாம். அவனோ ஒரு வெறுந்தாளை எடுத்துக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தான். ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது, சும்மா அறிய ஆசை என்றான்.

"சதுரம் ஆம்பிளை, வட்டம் பொம்பிளை. வருத்தம் வந்த ஆக்களைக் கறுப்பாக்குவம்."

அப்பா கறுப்புச் சதுரம். சித்தப்பா கறுப்புச் சதுரம். அம்மா, நான், தங்கச்சி எல்லாம் வெள்ளை வட்டம். பெயரைக் கேட்டபோது மட்டும் எனக்கு உளவு நினைவு வந்து புஷ்பா என்றேன். மற்றது எல்லாம் உண்மை. தங்கச்சியின் வயது, சார்செல், காப்பக வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அவ்வளவும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒருத்தரும் என்னிடம் இப்படி ஆசையாகக் கேள்வி கேட்டதில்லை.

"ஒரே காத்து, ஒரே அறை. நீங்கள் மூண்டு பேரும் தப்பீட்டியள். ஏன் எண்டு நினைக்கிறியள்?" என்றான்.

அம்மாவின் முருங்கையிலைக் கறி என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. சாப்பாடும் ஒரு காரணம்தான், சின்னதில் போட்ட தடுப்பூசியும் காரணமாக இருக்கலாம் என்றான். கசம் கிருமியால் வருவது, பரம்பரையாக இறங்கி வருவதில்லை. கிருமி உடம்புக்குள் போன ஆட்களில் பெரும்பாலானவர்கள் நோயாகப் படுப்பதில்லை. கிருமியோடு உடம்பு சண்டை பிடிக்கிற விதம் ஆளுக்கு ஆள் மாறும். அதில் கொஞ்சம் மரபணுவிலும் இருக்கிறது. எந்தக் கொஞ்சம் என்பதைத்தான் தேடுகிறார்களாம்.

அதற்கு ஏன் ஆப்பிரிக்கச் சனம், அவர்களுடைய இரத்தம் பழுதோ என்று கேட்டேன். அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. பழுது இல்லை அக்கா என்றான். மனிதர் தொடங்கிய இடமே அதுதான், அதனால் உலகத்தில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் கூடியதும் அங்கேதான். ஆனால் இதுவரை மரபணு பார்த்தது பெரும்பாலும் வெள்ளைக்காரருக்கு. அங்கே தேடாமல் இங்கே கண்டதை எல்லாருக்கும் பொது என்று சொல்வது விசர் வேலை. நெருக்கமான வீடும் பட்டினியும் இருந்தால் எந்த இரத்தத்தையும் கசம் பிடிக்கும்.

இதைப் பிந்தாவுக்கும் பிரெஞ்சில் சொன்னான். அவள் கேட்டுவிட்டு, என் வீட்டுச் சுவர் ஈரத்தையும் எழுதிக்கொள், எச்சில் கேட்டு ஆள் வருகிறது, சுவரைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை என்றாள். அவன் அதையும் எழுதினான்.

பெடியனை எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. சந்தோசமாக வெளியே வந்து, லா சப்பல் மெட்ரோப் படியில் பாதி ஏறிய பிறகுதான் மூளை வேலை செய்தது. அவனுடைய பரம்பரையை விசாரிக்க வந்த நான், எங்களுடையதை வட்டமும் சதுரமுமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன். படியிலேயே குந்திவிட்டேன். பின்னால் வந்தவர் பிரெஞ்சில் ஏசினார். மன்னிப்புக் கேட்டு வழிவிட்டேன். என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அம்மாவிடம் நல்ல பெடியன், இருமவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவனும் அவனுடைய தாயும் பொம்பிளை பார்க்கச் சார்செலுக்கு வந்தார்கள். காய்ச்சல் என்று படுத்துவிடப் பார்த்தேன். அம்மா விடவில்லை. நான் குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருக்க, அவனுடைய தாய் கேட்பது கேட்டது.

"பிறகு குறை நினைக்கக் கூடாது. பரம்பரை வருத்தம் ஏதும் இருக்கோ?"

"சீச்சீ, எங்கட வீட்டிலை ஒரு தும்மல் தடிமன்கூட வாறதில்லை" என்றார் அம்மா.

சரியாக அந்த நேரத்தில் தட்டோடு வெளியே வந்தேன். நிரோஷன் என்னைப் பார்த்தான். ஒரு கணம்தான். தேத்தண்ணியை எடுத்தான், நன்றி என்றான், தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலையை என்னால் தாங்க முடியவில்லை. இப்போது சொல்லப்போகிறான், இதோ சொல்கிறான் என்று காத்திருந்து, அவன் ஒரு மிடறு குடிப்பதற்குள் நானே வெடித்துவிட்டேன்.

"ஓம், எங்கட அப்பாவுக்குக் கசம் இருந்தது. சித்தப்பாவுக்கும் இருந்தது. இப்ப அதுக்கு என்ன?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ஒரு மூலையில் மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் வாயைத் திறந்தபடி இருந்தார். மாமனார் கொழும்பில் வேலை பார்த்தவர் என்றுதான் அவரும் அது வரைக்கும் நம்பியிருந்தார்.

நிரோஷன் மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் சொல்லியிருக்க மாட்டன். அங்கை கேட்டதை வெளியிலை கதைக்கிறதில்லை. அது எங்கட வேலையின்ரை சட்டம்."

அதாவது, நான் பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போயிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

அவனுடைய தாய் கோப்பையைக் கீழே வைத்தார். "வருத்தம் ஆருக்கும் வரும். முகத்தைப் பாத்துப் பொய் சொன்னியளே, அதுதான் எனக்கு ஏலாது" என்று எழும்பிவிட்டார். அம்மா அழத் தொடங்கினார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அதுவரை வாய் திறக்காத தர்சினி அவனைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா, நான் குழந்தைகளோடு வேலை செய்கிறேன், சோதித்துப் பார்க்க வேண்டுமா? அவன் அவளுக்கு முன்னால் வந்து இருந்து பதில் சொன்னான். தெரிந்ததைத் தெரியும் என்றான், தெரியாததைத் தெரியாது என்றான். அவள் இன்னும் கேட்டாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்ற தாய் மூன்று தரம் கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. தர்சினியின் கேள்விகள் என்னுடையதைவிட நல்லவை என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஞாயிறு முறிந்த சம்பந்தத்தை அவர்கள் இருவரும் தொலைபேசியில் ஒட்டிக்கொண்டார்கள். தாய் மனம் இறங்கி வர ஒரு வருடம் பிடித்தது. கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் என்னை விடக் கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. என் கணவர் நான் தும்மினால்கூட, வேறு என்ன ஒளித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் டாக்டரிடம் போனாலும் முதலில் எனக்குத்தான் தொலைபேசி வருகிறது, யாருக்கு என்ன வருத்தம் இருந்தது என்று கேட்க. போன மாதம் மச்சாளின் மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த தரகர் அம்மாவிடம் அதே பழைய கேள்வியைக் கேட்டார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னைக் கேக்காதேங்கோ. மூத்தவளைக் கேளுங்கோ, ஒண்டும் விடாமல் சொல்லுவாள்."