கலியமூர்த்தியின் இரண்டு ஊஃபர்

கலியமூர்த்தி வாடகை சுமோவின் பின்கதவை அடித்துச் சாத்தினார். அந்தச் சத்தத்தில் பாதிகூட உள்ளே புதிதாக மாட்டியிருந்த இரண்டு ஊஃபர் ஸ்பீக்கரும் போடவில்லை.

"நேத்து பரங்கிப்பேட்டையில சைபுல்லா கடையில மாட்டுனப்ப நெஞ்சு அதிர அடிச்சிது. இன்னிக்கு சளி புடிச்சாப்புல முனகுது!"

"மெதுவா பேசுங்க. வெண்மதிக்கு பிளஸ் டூ பரீட்சை" என்றாள் மனைவி புஷ்பவள்ளி, மகள் படிக்கும் அறையைப் பார்த்தபடி.

"என் பொழப்பே போவுது, பரீட்சையாம்!"

பொழப்புதான். ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மாப்பிள்ளை அழைப்பு. பாட்டில் பேஸ் அடி அதிரவில்லை என்றால் வண்டியே வேண்டாம் என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

சிதம்பரத்திலிருந்து மறுபடியும் பரங்கிப்பேட்டைக்கு விரட்டினார். சைபுல்லா பின்னால் குனிந்து பார்த்தார்.

"ஒரு பொட்டிக்கு மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கெடக்குண்ணே. ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டு சத்தமும் ஒண்ண ஒண்ணு அமுக்கிடும்."

"மாட்டுனது யாரு? நீதான?"

"அல்லா மேல ஆணையா சரியாத்தாண்ணே மாட்டுனேன்."

மாற்றி மாட்டியதும் கடைக் கண்ணாடி நடுங்கியது. மறுநாள் காலை வண்டி கழுவும்போது போட்டுப் பார்த்தால், பழையபடி முனகல்.

"திருட்டுப் பய! இனிமே அவன் கடை வாசல்ல மிதிக்க மாட்டேன்."

கடலூர் போய்ப் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கிவந்தார். பழைய ஒயர்கள் எந்தெந்த முனையில் இருந்தனவோ அதே முனையில், ஒன்றுகூடப் பிசகாமல், தானே மாட்டினார். முனகல் அப்படியேதான் இருந்தது. ஆத்திரத்தில் வால்யூமை முழுசாக வைத்து ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் பேட்டரி இறங்கிவிட்டது. சுமோவைத் தெருவே சேர்ந்து தள்ளியது.

சனிக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி, வேன் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ராபர்ட்டிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். மாப்பிள்ளை அழைப்பும் ராபர்ட்டுக்கே போனது.

சாயங்காலம் ராபர்ட் பாட்டுப் போட்டார். தெரு அதிர்ந்தது. புஷ்பவள்ளி அடுக்கிவைத்த எவர்சில்வர் பாத்திரங்களெல்லாம் ஆடின.

"என்கிட்ட மட்டும் ஊமையா இருந்துட்டு இங்க எப்படி அடிக்குது பாரு!" என்று கலியமூர்த்தி பல்லைக் கடித்தார்.

இயற்பியல் புத்தகத்தோடு வெண்மதி வெளியே ஓடிவந்தாள். அப்பாவைவிட அவளுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது.

"ஏம்ப்பா அவருகிட்ட வித்த? நம்ம வண்டின்னா காலைல நீ எந்திரிக்கிறதுக்குள்ள ஒரு பொட்டி ஒயர மட்டும் திருப்பி மாட்டிட்டுப் படிப்பேன். ராபர்ட் மாமா வேனை பூட்டியில்ல வைக்கிறாரு!"