பார்வை நேரத்தில் வந்த பேய்

"பேய்க் கணக்கு ஒன்னு பாக்கி இருக்கு மிஸ்ஸி. அது முடியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் அப்பளசாமி.

தாதி திலகம் அவருடைய தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுக்குள் இரத்தக் குழாய் ஒன்று வீங்கி நிற்கிறது, அது வெடித்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது, உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், அதற்குச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டும் என்று டொக்டர் அப்போதுதான் விளக்கி முடித்திருந்தார்.

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் திலகத்திடம் கேட்டார்.

அது எழுபத்தாறாம் ஆண்டு. சிட்னியில், பரமட்டாவுக்குப் பக்கத்திலிருந்த அந்த ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த தாதி யாழ்ப்பாணத்துத் திலகம் ஒருத்திதான். அப்பளசாமிக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். மலேசியாவில், ஈப்போவிலும் பினாங்கிலும் நடனக் குழுக்களில் கிட்டார் வாசித்தே பிழைத்தவர். இப்போது சிட்னியிலிருந்து ஒரு நாள் கார்ப் பயணத் தூரத்திலுள்ள டண்டினொங்கில் மகளோடு இருந்தார். சிட்னிக்குப் பழைய கூட்டாளி ஒருவரைப் பார்க்க வந்த இடத்தில் வயிற்றுவலி மடக்கிப் போட்டுவிட்டது. ஆனால் பேய் விஷயத்தை மட்டும் அவர் தமிழில்தான் பேசினார். ஆங்கிலத்தில் சொன்னால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்களாம்.

அந்தப் பயம் திலகத்துக்கும் இருந்தது. "சமய சம்பந்தமாக ஏதோ குறை இருக்கிறதாம்," என்று டொக்டரிடம் சொல்லிவைத்தாள்.

டொக்டர் நல்ல மனிதர். மத்தியானமே ஒரு பாதிரியாரை அனுப்பினார்.

பாதிரியார் அப்பளசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஜெபித்தார். முருக பக்தரான அப்பளசாமி மரியாதைக்கு ஆமென் சொன்னார். பக்கத்துக் கட்டில் கிழவர் இதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய திராட்சைப் பழங்களை எல்லாம் துக்கத்தோடு இவருக்குக் கொடுத்தனுப்பினார்.

"கடைசி ஜெபமே பண்ணிட்டாங்க, பாத்தியா?" என்ற அப்பளசாமி, அன்றைக்குச் சாப்பாட்டையும் தள்ளிவிட்டார்.

திலகத்துக்கு அழுகை வரும்போல் இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அங்கிள், அது என்ன கணக்கு? எனக்கு விளங்கச் சொல்லுங்கோ."

"ப்ளூஸ் கேட்டிருக்கியா?"

"இல்லை."

"அமெரிக்காவுல கறுப்பு சனங்க பாடுறது. துக்கத்த அவசரப்படாம சொல்ற பாட்டு. பினாங்குல கப்பல்காரங்க கொண்டுவந்த ரெக்கார்டக் கேட்டுத்தான் நான் படிச்சேன். அவங்ககிட்ட ஒரு கத இருக்கு. கிட்டார் கைக்கு வசப்படணும்னா இருட்டுல நாற்சந்திக்குப் போய் நிக்கணும். பேய் வரும். கிட்டார வாங்கி, சுருதி கூட்டி, திருப்பிக் குடுக்கும். அதுக்கப்புறம் அவன் வாசிக்கிறதே வேற மாதிரி இருக்கும். ஆனா ஆத்மா பேய்க்குப் போயிடும்."

"நீங்களும் அப்பிடிப் போனனீங்களோ?"

"ஈப்போவுல போனேன்." அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "கிட்டாரும் கைமாறிச்சு. ஆத்மாவும் கைமாறிச்சு. அப்ப வெளையாட்டா இருந்துச்சு மிஸ்ஸி. இப்ப நெஞ்சுல கெடந்து உறுத்துது. அதச் சேர வேண்டிய எடத்துல சேக்காம நான் எப்படி மயக்க மருந்துக்குப் படுப்பேன்?"

மகள் சந்திரிகாவும் மருமகனும் காரில் புறப்பட்டிருந்தார்கள். கார் பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டதாகத் தொலைபேசியில் செய்தி வந்திருந்தது. காத்திருக்க நேரமில்லை என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"பேய் இஞ்சையும் வரும் அங்கிள். நான் கூட்டிக்கொண்டு வாறன்," என்றாள் திலகம். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

அப்பளசாமி அவளை உற்றுப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கா?"

"நாளைக்கு. ஆக்கள் பார்க்க வாற பார்வை நேரத்திலை."

வீட்டில் அவளுடைய கணவன் குணசீலன், ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் சாதுவான மனிதன், விஷயத்தைக் கேட்டதும் புட்டை வாயில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டான்.

"நான் பேயோ?"

"உங்களிட்டைத்தானே கறுப்புக் கோட் இருக்கு."

"அது கலியாணத்துக்குத் தைச்சதப்பா."

"அதைப் போட்டுக்கொண்டு வந்துதானே என்னைக் கொண்டுபோனீங்கள்? பொருத்தமாத்தான் இருக்கும்."

மறுநாள் மூன்று மணிக்குக் குணசீலன் வந்தான். கோட்டின் பொத்தான்கள் பூட்டவில்லை. கையில் வேலைத்தலத்து இத்தாலியனிடம் இரவல் வாங்கிய கிட்டார். வாசலில் தலைமைத் தாதி, "நீங்கள் யார்?" என்று கேட்டதும் பதறிப்போய், "நோயாளியின் தம்பி," என்றான். கடைசியில் ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டாரே என்ற மகிழ்ச்சியில் அவள் டொக்டரை அழைத்துவர ஓடினாள். ஆகவே டொக்டரின் முன்னிலையில்தான் பேய் தன் வேலையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

"நான்தான் பேய்," என்றான் குணசீலன், குரலைத் தாழ்த்தி. பிறகு பழக்கதோஷத்தில், "இப்ப சுகமா இருக்கிறீங்களோ?" என்றும் கேட்டுவிட்டான்.

"பேய் சுகம் விசாரிக்காது தம்பி," என்றார் அப்பளசாமி. "சரி, சுருதி கூட்டு, பாப்போம்."

குணசீலன் கண்ணுக்குப் பட்ட முறுக்காணியைத் திருகினான். கம்பி ஒன்று டங் என்று அறுந்து அவன் கன்னத்தில் அடித்தது. பக்கத்துக் கட்டில் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். திலகம் கண்களை மூடிக்கொண்டாள்.

"இங்க குடு."

அப்பளசாமி கிட்டாரை வாங்கி நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். மிச்சக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, காது கொடுத்துக் கேட்டு, சுருதி கூட்டினார். பிறகு வாசித்தார். வேலை முடிந்து களைத்துப்போய், யாரும் காத்திராத வீட்டுக்கு நடந்து போகிறவனின் நடைபோல இருந்தது அது. கிழவர் குதிரைப் பந்தய ரேடியோவை நிறுத்தினார். டொக்டர் வெறுங்கட்டில் ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். என்ன பாட்டு என்று திலகத்துக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த அம்மாவுக்கு இன்றைக்கே கடிதம் எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வாசித்து முடித்துக் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். "இப்படித்தான் குடுக்கணும்."

குணசீலன் பாடமாக்கி வந்ததை ஒப்பித்தான். "உங்கட ஆத்மாவைத் திருப்பித் தாறன்."

"நீ தர வேணாம். நீதான் வாங்கிக்கணும்."

இது ஒத்திகையில் இல்லை. குணசீலன் மனைவியைப் பார்த்தான். அவளுக்கும் விளங்கவில்லை. அப்பளசாமி தன் மூடிய கையை அவனுடைய உள்ளங்கையில் வைத்துத் திறந்தார். பிறகு அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"நான் கண்ணு முழிக்கலேன்னா, இதுக்கு உரியவன் வருவான். அவன்கிட்ட குடுத்துடு. பத்திரம்."

"ஓம்," என்றது பேய். அதன் கண்கள் கலங்கியிருந்தன.

அப்பளசாமி கையெழுத்துப் போட்டார்.

அவரைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போகும்போதுதான் சந்திரிகாவும், சட்டையெல்லாம் கார் எண்ணெய்க் கறையோடு அவள் கணவன் பழனிசாமியும் ஓடி வந்தார்கள். அப்பளசாமி மகளின் கன்னத்தைத் தடவினார். மருமகனின் காதைப் பிடித்துக் கீழே இழுத்து என்னவோ சொன்னார். லிஃப்ட் கதவு மூடும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். பழனிசாமி திரும்பிக் குணசீலனின் மூடிய கையைப் பார்த்தான்.

சிகிச்சை முடியும்வரை குணசீலன் அந்தக் கோட்டோடு நடைபாதையிலிருந்த நீள வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான். திலகம் கொண்டுவந்த தேத்தண்ணியை இடக்கையால் வாங்கினான். வலக்கை மூடியபடியே இருந்தது.

"உங்களுக்கென்ன விசரோ? கையைத் திறவுங்கோவன்."

"பத்திரம் எண்டெல்லே சொன்னவர்."

திலகம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூடிய கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் டொக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். சந்திரிகா திலகத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுவரை தூரத்தில் நின்றே கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பழனிசாமி, தயங்கித் தயங்கிக் குணசீலனிடம் வந்தான். இரண்டு கைகளையும் ஏந்தி நீட்டினான்.

"அண்ணே, அப்ப நான் சந்திரிகாவக் கட்டிக்க ஆசப்பட்டேன், அவங்கப்பா மெச்சுற மாதிரி வாசிக்கணுமேன்னு ஈப்போ நாற்சந்தியில போய்ப் பேய்கிட்ட ஆத்மாவ வித்தேன். இருட்டுல நின்ன அந்தப் பேய் மாமாதானாம். என்னோடது இப்ப உங்ககிட்ட இருக்காமே, வாங்கிக்கலாமா?"